சென்னைப் பல்கலைக்கழகம் அச்சில் தந்தவை

பல்கலைக்கழகம் என்றவுடன் நம் எண்ணத்தில் முதலில் எழுவன தேர்வும், பட்டமளிப்பு விழாவும், கறுப்பு அங்கியுமே ஆகும். கல்லூரி மலர்களைப் புரட்டினாலும் தேர்ச்சி விழுக்காடும் பதக்கம் பெற்றோர் பட்டியலும் முன்னிடம் பெறுவதைக் காண்கிறோம். இவை வேண்டாதவை அல்ல. எனினும், ஒரு பல்கலைக்கழகத்தில் பயின்றவரும் பயிற்றியவரும் மறைந்த பின்னர் அதன் பெயரைத் தாங்கி நிற்பன அது வெளியிட்ட நூல்களே. அந்நோக்கில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பணிகளுள் சிலவற்றை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம். முழுப் பட்டியல் தருவது நம் கருத்தன்று. நம் போன்ற கல்லூரிகளின் தமிழ்த்துறைக்கும், சமுதாய வரலாற்றில் நாட்டம் கொண்ட பெரியோர்க்கும் கைகொடுக்கக் கூடியவற்றையே மிகுதியும் கருதினோம்.

1857 செப்டம்பர் 5-ஆம் நாள் நிறுவப்பெற்ற இப்பல்கலைக்கழகம், லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டது. தொடக்கத்தில் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அது தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே இருந்தது. பாடம் சொல்வது கல்லூரிகளின் வேலை. 1904-ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டம் வந்த பின்னரே, பல்கலைக்கழகம் தானே ஆசிரியர்களை அமர்த்தவும் ஆய்வு நடத்தவும் வழி பிறந்தது. 1914-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்திய வரலாறு, திராவிட மொழி ஒப்பியல், இந்தியப் பொருளியல் ஆகியவற்றுக்குப் பேராசிரியர் பதவிகள் ஏற்பட்டன. 1927-இல் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் அமைந்தது. தமிழ், வடமொழி, தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகியவற்றோடு அரபு, பாரசீகம், உருது ஆகியவையும் அதன் கூரையின் கீழ் இடம் பெற்றன.

ஆய்வு மாணவர் என்னும் முறையின் தொடக்கத்திலேயே நிற்கிறது யாவரும் அறிந்த ஒரு பெயர். சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக இருந்த சீனிவாச இராமானுஜத்திற்கு, 1913 மே மாதம் முதல் மாதம் 75 ரூபாய் உதவித்தொகையைப் பல்கலைக்கழகம் வழங்கியது. அவரிடம் பட்டம் ஏதும் இல்லை. விதிப்படி பார்த்தால் அவருக்கு அத்தொகை கிடைத்திருக்க முடியாது. விதியை வளைத்துக் கொடுத்த பெருமக்கள் அன்று அங்கே இருந்தனர். மூன்று திங்களுக்கு ஒருமுறை ஆய்வின் வளர்ச்சியை எழுதித் தரவேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. 1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறுவதற்குள் அவர் அளித்தவை மூன்று அறிக்கைகள். அவற்றையும் அவருடைய குறிப்பேடுகளையும் அறிஞர்கள் முக்கால் நூற்றாண்டுக்குப் பின்னரும் ஆராய்ந்து கொண்டிருந்தனர். இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. 1920-இல் அவர் மறைந்த பின் குறிப்பேடுகள் பல்கலைக்கழகத்தின் வசம் வந்தன. ஆயின் அவற்றின் உருவப்படப் பதிப்பு 1957-இல் வெளிவந்தது பம்பாயின் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்திலிருந்து. ஆய்வைப் பேணுவது ஒன்று, அதனை அச்சேற்றுவது பிறிதொன்று என்பதற்கு இதுவே சான்று.

தமிழ்ப் பேரகராதி

அச்சேற்றிய பணிகளுள் முதலிடம் பெறுவது ‘தமிழ் லெக்சிகன்’ எனப்படும் தமிழ்ப் பேரகராதியே என்பதில் ஐயமில்லை. 1862-இல் வெளிவந்த வின்சுலோவின் தமிழ்-ஆங்கில அகராதியில் அறுபத்தேழாயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள் இருந்தன. அதனைத் திருத்தி விரிவாக்க வேண்டும் என்ற கருத்தை ஜி. யு. போப் 1905-இல் முன்வைத்தார். 1913-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த சாண்ட்லரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு மதுரையில் வேலை தொடங்கிற்று. பின்னர் அலுவலகம் சென்னைக்கு மாறியது. ஐந்து ஆண்டுகளில், ஓர் இலட்சம் ரூபாய்ச் செலவில் முடியும் என்று மதிப்பிட்டிருந்தனர். முதற்பகுதி அச்சில் வரவே 1924 ஆயிற்று. 1926-இல் பதிப்பாசிரியர் பொறுப்பேற்ற ச. வையாபுரிப் பிள்ளையின் காலத்தில் பணி விரைவு கொண்டு, 1936-இல் ஆறு தொகுதிகளும் நிறைவெய்தின. 1939-இல் பின்னிணைப்புத் தொகுதி வந்தது. செலவு நான்கு இலட்சத்தைத் தாண்டிற்று.

காலமும் பணமும் எங்கே போயின என்று கேட்பவர், ஒரே ஒரு பக்கத்தை விரித்துப் பார்த்தால் போதும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒலிபெயர்ப்பு, இலக்கண வகை, பிறப்பு, ஆங்கிலத்திலும் தமிழிலும் பொருள், அப்பொருள் எந்நூலில் வழங்குகிறது என்னும் மேற்கோள் ஆகிய இத்தனையும் அங்கே காணப்படும். ஒரு சொல்லுக்குப் பொருள் ஐந்தெனில் ஐந்துக்கும் தனித்தனியே சான்று தேட வேண்டும். அச்சேறாத ஏடுகளையும் நிகண்டுகளையும் வட்டார வழக்குகளையும் புரட்ட வேண்டும். அவ்வாறு ஓர் இலட்சத்து நான்காயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் முதல் ஆறு தொகுதிகளில் இடம் பெற்றன. மு. இராகவையங்கார் போன்ற புலமை மிக்கோர் பல்லாண்டுகள் இதற்கென உழைத்தனர். தமிழ் எழுத்தை உரோமன் எழுத்தில் பெயர்த்தெழுத இவ்வகராதி கையாண்ட முறையையே உலகெங்கும் தமிழாய்வாளர் மேற்கொண்டனர்.

நம் மாணவர்க்கு இதில் வேறொரு பயனும் உண்டு. வக்கீல், தாசில், ஜமாபந்தி முதலான சொற்கள் நம் நாவில் புழங்குகின்றன. அவை அரபியிலிருந்து வந்தனவா, பாரசீகத்திலிருந்து வந்தனவா, உருது வழியாக வந்தனவா என்பதைப் பேரகராதி குறித்துச் செல்கிறது. முஸ்லிம் புலவர்களின் நூல்களைப் பயில்வோர் உரையாசிரியரை மட்டும் நம்பியிராமல் இக்குறிப்புகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நன்று.

குறை இல்லாத பணி அன்று இது. பல தமிழ்ச் சொற்களுக்கு வடமொழி மூலம் காட்டியதைத் தேவநேயப் பாவாணர் கடுமையாக மறுத்தார். அம்மறுப்பே பிற்காலத்தில் 1974-இல் தமிழ்நாட்டரசு செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தை அவர் தலைமையில் தொடங்க வழிவகுத்தது. கண்டித்தவரும் அதே தொகுதிகளைக் கையில் வைத்துக்கொண்டே கண்டித்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. மறுப்பதற்கும் ஒரு நூல் அச்சில் இருத்தல் வேண்டுமன்றோ? இன்று பேரகராதியைக் கணினித் திரையிலேயே தேடிப் பார்க்க முடிகிறது.

இதனை அடுத்து, அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1963 முதல் 1965 வரை வெளிவந்த ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியம் மாணவர் பலரும் அறிந்ததே. அதிகம் அறியப்படாதது ந. சுப்பிரமணியன் தொகுத்து 1966-இல் வெளிவந்த பல்லவர்க்கு முற்பட்ட தமிழ்ச் சொல்லடைவு. சங்க நூல்களில் ஒரு செய்தி எங்கெங்கு வருகிறது என்று தேடி அலுத்தவர்க்கே அதன் அருமை விளங்கும். தமிழில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் முனைவர் பட்டம் 1948-இல் மு. வரதராசனாருக்குக் கிடைத்தது. சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய அவ்வாய்வேடு ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அக்கால நடைமுறை அது. தமிழைப் பற்றிய ஆய்வைத் தமிழ் மட்டும் அறிந்தவர் படிக்க முடியாத நிலை நெடுங்காலம் நீடித்தது என்பதனை இளைய தலைமுறை அறிந்திருத்தல் நலம்.

வரலாற்று வரிசை

பல்கலைக்கழகத்தின் வரலாற்று நூல்வரிசை 1919-இல் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்காரின் விசயநகர வரலாற்றுச் சான்றுகள் தொகுப்போடு தொடங்கிற்று. மதுரை நாயக்கர் பற்றி இரா. சத்தியநாத ஐயர் 1924-இலும், காஞ்சிப் பல்லவர் பற்றி இரா. கோபாலன் 1928-இலும் எழுதிய நூல்கள் தொடர்ந்தன. 1935-இலும் 1937-இலும் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியாரின் ‘சோழர்கள்’ வந்தது. அது பின்னாளில் தமிழிலும் பெயர்க்கப்பட்டது. டி. வி. மகாலிங்கம் காலத்தில் ஆய்வாளர் ஏட்டறையை விட்டு மண்வெட்டியும் கையுமாய் வெளியே புறப்பட்டனர். காவிரிக் கீழ்ச்சமவெளியில் திருக்காம்புலியூர், அழகரை, உறையூர் ஆகிய இடங்களில் நிகழ்ந்த அகழாய்வுகளின் அறிக்கைகள் நூல்களாயின.

இதே காலத்தில் வடமொழித் துறையில் வேறொரு பெரும்பணி நடந்தது. உலக நூலகங்களில் உள்ள வடமொழிச் சுவடிகள் அனைத்துக்கும் பெயரடைவு தொகுப்பது அது. 1935-இல் தொடங்கியது, முதல் தொகுதி 1949-இல் வந்தது, இந்த நூற்றாண்டிலும் தொகுதிகள் வந்தவண்ணம் இருந்தன. தொடங்கியவர் எவரும் முடிவைக் காணாத பணி. அத்தகையவற்றைத் தனி மனிதர் செய்ய முடியாது, பல்கலைக்கழகத்தால்தான் இயலும்.

இஸ்லாமிய வரிசை

நாம் விரிவாகச் சொல்ல விரும்புவது இதனைப் பற்றியே. சென்னைப் பல்கலைக்கழக இஸ்லாமிய நூல்வரிசை என ஒரு வரிசை உண்டு என்பதே நம்மில் பலர்க்குப் புதிய செய்தியாக இருக்கக் கூடும். அதன் தூணாக விளங்கியவர் அரபு, பாரசீக, உருதுத் துறையின் தலைவராக இருந்த முனைவர் எஸ். முகம்மது ஹுசைன் நயினார்.

கருநாடக நவாபுகளின் வரலாற்றுச் சான்றுகள் என்னும் பொதுத் தலைப்பில் பாரசீகச் சுவடிகளை அவர் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். புர்ஹான் இப்னு ஹசன் எழுதிய ‘துஸுக்கே வாலாஜாஹி’ முதற்பகுதி 1934-இலும் இரண்டாம் பகுதி 1939-இலும் வந்தன. ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜாவின் அவையில் எழுந்த வரலாறு அது. ஆங்கிலேயக் கம்பெனியாரின் கடிதங்களில் மட்டுமே நாம் கண்டு வந்த போர்களையும் உடன்படிக்கைகளையும் மறுபக்கத்திலிருந்து பார்க்க இந்நூல் உதவுகிறது. அரசவைப் புகழ்ச்சி அதில் உண்டு. அதனைக் கழித்துப் படிக்கத் தெரிதல் வேண்டும். கம்பெனியார் கடிதத்திலும் அவ்வாறே ஒரு பகுதியைக் கழிக்க வேண்டியிருக்கிறது.

அவ்வரிசையின் இறுதித் தொகுதியாக 1950-இல் வந்த ‘பஹாரே அஃஸம் ஜாஹி’ நமக்கு இன்னும் அணுக்கமானது. 1823-இல் நவாபு அஃஸம் ஜா சென்னையிலிருந்து நாகூர் தர்காவுக்குச் சென்ற பயணத்தை அது விவரிக்கிறது. வழியில் உள்ள ஊர்களும் தர்காக்களும் பள்ளிவாசல்களும் அவற்றைப் பற்றி அந்நாளில் வழங்கிய செய்திகளும் அதில் பதிவாகியுள்ளன. சோழமண்டலக் கடற்கரையின் ஊர் வரலாறு எழுத முற்படுவோர் முதலில் கையில் எடுக்க வேண்டிய நூல் இதுவே என்பது நம் கருத்து.

1942-இல் நயினார் இரண்டு நூல்களைத் தந்தார். பொன்னானியைச் சேர்ந்த ஷெய்கு ஜைனுத்தீன் பதினாறாம் நூற்றாண்டில் அரபியில் இயற்றிய ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’ நூலின் மொழிபெயர்ப்பு ஒன்று. போர்ச்சுக்கீசியர் மலபார்க் கரையில் இழைத்த கொடுமைகளையும் அதற்கு எழுந்த எதிர்ப்பையும் அக்காலத்தவர் ஒருவரே எழுதிய சான்று அது. இம்மொழிபெயர்ப்பு 2006-இல் கோழிக்கோட்டிலும் கோலாலம்பூரிலும் மறுபதிப்புப் பெற்றது.

மற்றொன்று தென்னிந்தியா பற்றி அரபுப் புவியியலாளர் அறிந்திருந்தவற்றைத் தொகுத்து ஆராயும் நூல். ஒன்பதாம் நூற்றாண்டு வணிகர் சுலைமான், இப்னு குர்தாத்பிஹ், மஸ்ஊதி, இத்ரீசி எனப் பலரும் எழுதியவற்றிலிருந்து ஊர்ப்பெயர், விளைபொருள், மன்னர், மக்கள் வழக்கம் ஆகியவை பிரித்தெடுத்துத் தரப்படுகின்றன. அரபுப் பயணிகள் ‘மஅபர்’ என்று குறித்த கரை எது, அவர்கள் சொல்லும் ‘கூலம்’ நம் கொல்லம்தானா என்பன போன்ற வினாக்களுக்கு அவர் ஒவ்வொரு நூலையும் மற்றொன்றோடு ஒப்பிட்டே விடை காண்கிறார். ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதிய இடங்களையும் கருத்தில் கொள்ள வேண்டியிருக்கிறது. நேரில் வந்து கண்டவர் சிலர். கேட்டு எழுதியவர் பலர்.

இவ்வேறுபாட்டை நாம் பெரும்பாலும் கருதுவதில்லை. அரபு நாட்டாருக்கும் தமிழகத்துக்கும் இருந்த வணிகத் தொடர்பைப் பற்றி எழுதாத விழா மலர் நம்மிடையே இல்லை. அவற்றுள் எத்தனை, எந்தப் பயணி, எந்த நூலில், எந்த ஊரைப் பற்றிச் சொன்னார் என்று சுட்டுகின்றன? ஒரு மலரில் வந்ததை அடுத்த மலர் எடுத்தாள்கிறது. பத்து மலர்களில் வந்துவிட்டமையால் அது உண்மை எனத் தோன்றுகிறது. 1942-லேயே சான்றுகள் ஒழுங்குபடுத்தப்பட்டு அச்சில் கிடைத்திருக்க, நாம் இன்னும் செவிவழிச் செய்தியில் நின்றால் பிறர் நம் வரலாற்றை ஐயுறுவதில் வியப்பென்ன? நம்மைக் குறை கூறிக்கொள்வதற்காக இதனை எழுதவில்லை. சான்றுகள் இருக்கும் இடம் தெரிந்தால் நம் மாணவர் அதனைச் செம்மையாகவே செய்வர் என்னும் நம்பிக்கையால் எழுதுகின்றோம்.

இத்துறையில் பின்னாளில் பெருமுயற்சி செய்தது மதுரை காமராசர் பல்கலைக்கழகம். அங்கு இஸ்லாமியத் தமிழ் இலக்கிய இருக்கைக்கு இலங்கையிலிருந்து வந்து பொறுப்பேற்ற பேராசிரியர் ம. மு. உவைஸ், பீ. மு. அஜ்மல்கானுடன் இணைந்து எழுதிய ‘இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு’ 1986 முதல் தொகுதி தொகுதியாக வந்தது. அது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.

அறிவியல் துறைகளைப் பற்றித் தமிழ்த்துறை மலரில் எழுதுவது பொருந்துமோ எனச் சிலர் கருதலாம். தாவரவியலில் எம். ஓ. பி. ஐயங்கார் பாசிகளைப் பற்றி நிகழ்த்திய ஆய்வு உலகப் புகழ் பெற்றது என்பதோடு அமைந்து, ஒன்றை மட்டும் கூறுகிறோம். 1952-இல் துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியார், ஜி. என். இராமச்சந்திரனை இயற்பியல் துறைக்கு அழைத்து வந்தார். அப்போது அவர்க்கு அகவை முப்பதுகூட நிறையவில்லை. தோலுக்கும் தசைநாணுக்கும் உரம் தருவதாகிய கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பை ஆராய அவர் முற்பட்டார். அதற்கு வேண்டிய மாதிரிகள் அண்மையில் இருந்த மத்தியத் தோல் ஆய்வு நிறுவனத்திலிருந்தே கிடைத்தன. மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட வடிவமே அதன் அமைப்பு என்பதை கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். 1963-இல் அவரும் இராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரும் வெளியிட்ட வரைபடம் இராமச்சந்திரன் வரைபடம் என்றே வழங்குகிறது. புதிதாகக் கண்டறியப்படும் புரத அமைப்பு சரியானதா என்று சோதிக்க அதுவே அளவுகோல். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாகத் தோல் பதனிட்டு வாழ்ந்த நம் மக்களுக்கு, அத்தோலின் உள்ளமைப்பு கிண்டியிலேயே கண்டறியப்பட்டது என்னும் செய்தி உவப்பளிக்கும்.

மாணவர் எழுதிய நூல்

இறுதியாகக் கூற வைத்திருப்பது காலத்தால் முற்பட்ட ஒரு நூல். 1915-இன் இறுதியில் இந்தியப் பொருளியலின் முதற் பேராசிரியராகச் சென்னைக்கு வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், ஒரு வினாப் பட்டியலை மாணவர் கையில் கொடுத்து, விடுமுறையில் தத்தம் ஊருக்குச் சென்று விடை எழுதி வரச் செய்தார். நிலம் யாரிடம் இருக்கிறது, கடன் எவ்வளவு, கூலி என்ன, எத்தனை ஏர், எத்தனை கிணறு என்பன போன்ற எளிய கேள்விகளே அவை. அவ்விடைகளிலிருந்து உருவாகி 1918-இல் வெளிவந்ததே தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றைப் பற்றிய பல்கலைக்கழக வெளியீடு. இராமநாதபுரம் பகுதியின் வடமலைபுரம், திருநெல்வேலிப் பக்கத்துக் கங்கைகொண்டான், தஞ்சையின் பாலக்குறிச்சி, வட ஆர்க்காட்டுத் தூசி, தென் ஆர்க்காட்டு இருவேல்பட்டு முதலியன அதில் இடம் பெற்ற ஊர்கள்.

1930-களின் பிற்பகுதியில் பி. ஜே. தாமஸும் கே. சி. இராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மீண்டும் ஆராய்ந்து 1940-இல் நூலாக்கினர். அதன் பின்னரும் ஆய்வாளர் அவ்வூர்களுக்குத் திரும்பத் திரும்பச் சென்றனர். இருவேல்பட்டுக்கு இந்த நூற்றாண்டிலும் சென்றனர். நூறாண்டுக் கால மாற்றத்தை அளந்து காட்டும் வாய்ப்பு இந்நாட்டில் மிகச் சில ஊர்களுக்கே வாய்த்தது. அதற்கு அடிப்படை, விடுமுறைக்குச் சென்ற மாணவர் சிலர் பொய்யும் புனைவும் கலவாமல் எழுதி வைத்த கணக்கு.

நம் ஊர்களிலும் எண்ணி எழுதப்படாதவை எவ்வளவோ உள. பள்ளிவாசல் கபரஸ்தான்களில் எழுத்துடன் நிற்கும் மீஸான் கற்கள் ஆண்டுதோறும் மழையில் தேய்கின்றன. சில படிக்கட்டுகளாகவும் ஆகிவிட்டன. பழைய ஜமாஅத்துகளின் நிக்காஹ் பதிவேடுகளில் மணமக்களின் ஊரும் மஹர்த் தொகையும் பல தலைமுறைகளுக்குக் கிடைக்கும். பாட்டிமார் ஓதிய அரபுத்தமிழ்க் கித்தாபுகள் பரணில் கிடக்கின்றன. எழுத்து அரபியாகவும் மொழி தமிழாகவும் உள்ள அவற்றை, இரண்டும் அறிந்த முதியோர் இருக்கும்போதே படித்துக் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இவற்றுக்குத் தேவைப்படுவது ஒரு வினாப் பட்டியல், ஒரு குறிப்பேடு, ஒரு கோடை விடுமுறை. கற்களுக்கு மட்டும் ஒரு நிழற்படக் கருவியும் வேண்டும்.